காட்டுங்க மாமி, பார்ப்பம்

மட்டக்களப்புப் படுவான்கரையில் எந்த வீட்டுக் கோடிக்குள் எட்டிப் பார்த்தாலும் நாலைந்து தயிர்ச்சட்டி கிடக்கும். எருமைத் தயிர் முடிந்த பிறகு சட்டியை எறிய ஒருவருக்கும் மனம் வராது. ஒன்றில் கோழிக்குத் தண்ணீர், ஒன்றில் கற்றாழை, மிச்சத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மாமரத்தடியில் வைத்துவிடுவார்கள். போன ஐப்பசியில் முதல் மழை விழுந்து எட்டாம் நாள், அப்படி ஒரு அடுக்கைப் பிரித்துக்கொண்டு ஒரு மாமி குந்தியிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நடுச்சட்டியில் மூன்று விரற்கடைத் தண்ணீர். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன உயிர்கள், அவருடைய தலை நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின.

“மிஸ்ஸி, இதை நான் ஒவ்வொரு மாரிக்கும் பாக்கிறதானே. தவக்கைக் குஞ்செண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிரிக்கன்.”

இரண்டு நாளைக்கு முன் பல்நோக்கு மண்டபத்தில் நடந்த சுகாதாரத் தொண்டர் பயிற்சியில் “டெங்கு நுளம்பு எங்க முட்டையிடும்?” என்று நான் கேட்டபோது முதலில் கை உயர்த்தியவர் இதே மாமிதான். “தேங்கி நிற்கும் தெளிந்த நீரில்” என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தபடியே சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அன்றைக்கும் அவர் வீட்டு மாமரத்தடியில் அந்தச் சட்டி இருந்திருக்கிறது, அதற்குள் குடம்பியும், அதாவது நுளம்புப் புழுவும், இருந்திருக்கிறது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரையில்தான் பிறந்தேன், அங்கேதான் வேலையும். கர்ப்பிணித்தாய், பாலகர், தடுப்பூசி, திரிபோஷா, வீட்டுத் தரிசிப்பு என்று என் வேலைக்குப் பட்டியல் நீளம். சுகாதாரத் தொண்டர்களைப் பழக்குவது அந்தப் பட்டியலில் ஒரு மூலையில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு நான் வந்ததே தொண்டராக இருந்துதான், அதனால் அந்த மூலையை என்னால் மூலையாக நினைக்க முடிவதில்லை.

1995 இல் எனக்குப் பத்தொன்பது வயது. அப்போது மண்முனைப் பாலம் இல்லை, அது 2014 இல்தான் வந்தது. பாதையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. இருட்டினால் பாதை ஓடாது. சண்டை நடந்தால் பகலிலும் ஓடாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு மருத்துவ மாது என்று யாரும் நிலையாக இல்லாததால், பத்தாம் வகுப்பு படித்த எங்கள் ஆறு பேரைக் கூட்டி ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள். ஐந்து நாளும் எழுதினோம். ‘மலேரியா பரவும் முறை’, ‘வயிற்றோட்டத்தின் அறிகுறிகள்’ என்று கொப்பி நிறைய. கடைசியில் ஒரு சான்றிதழும் மருந்துப் பெட்டியும் தந்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம். கொப்பியைத் திறந்து வாசித்தேன். எல்லாம் இருந்தது. குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியவில்லை. குழந்தையின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இப்போதும் எனக்கு மறக்கவில்லை. குழந்தை பிழைத்தது. அதற்கு நான் காரணமில்லை.

ஆனால் அந்த நாளையத் தொண்டர்களைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். காய்ச்சல்காரரைத் தேடிப் பிடித்து இரத்தம் பார்க்க அனுப்புவது எங்கள் பெரிய வேலை. 1999 இல் இலங்கை முழுவதும் இரண்டரை லட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளர். வடக்கிலும் கிழக்கிலும்தான் பாரம் அதிகம். 2012 க்குப் பிறகு இந்த நாட்டுக்குள் தொற்றிய மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை என்று ஆகி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட அன்று என்னோடு தொண்டராக இருந்த ஒருத்திக்குப் போன் எடுத்தேன். அவள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

இனிப் போன ஐப்பசிக்கு வருகிறேன். பயிற்சிக்குப் பதினான்கு பேர். பதின்மூன்று பெண்கள், ஒரு வயற்காரர். தயிர்ச்சட்டி நாளுக்குப் பிறகு மண்டபத்தில் வகுப்பு வைப்பதை விட்டுவிட்டேன். மாமி வீட்டுச் சட்டித் தண்ணீரை ஒரு வெள்ளைப் போத்தலில் ஊற்றி, பழைய நைலெக்ஸ் சாரித் துண்டால் வாயைக் கட்டி, பாலர் பாடசாலை ஜன்னலில் வைத்தோம். மூன்றாம் நாள் சில குடம்பிகள் கூன் விழுந்தமாதிரிச் சுருண்டு கூட்டுப்புழு ஆயின. ஐந்தாம் நாள் காலை போத்தலுக்குள் நாலு நுளம்பு, சாரித் துணியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. காலில் வெள்ளை வளையம். பிள்ளைகள் மூக்கைப் போத்தலில் வைத்துப் பார்த்தார்கள். மாமி அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு தன் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனார். “இஞ்ச பாருங்க, எங்கட சட்டிக்குள்ள பொறந்த புள்ளைகள்” என்று காட்டினார். அன்று பின்னேரம் போத்தலுக்குள் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் கொன்றுதான் போத்தலைக் கழுவினோம். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் துணியை இறுக்கிக் கட்டுங்கள், கடைசியில் கொல்ல மறக்காதீர்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்கே அந்தக் கிழமைதான் ஒழுங்காக விளங்கியது. சட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். கரிப்பொடி மாதிரி இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் நீர் ஏறினதும் பொரிக்கும். மண்சட்டி வழுவழுப்பான பாத்திரம் இல்லை, சொரசொரப்பு. முட்டை ஒட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே கவிழ்ப்பதோடு விடாமல் தேங்காய்ப் பொச்சால் தேய்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கிற எங்கள் பி.எச்.ஐ. தம்பி அடிக்கடி சொன்னதுதான் இது. கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். சட்டியின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்த நாளில்தான் எனக்குள் இறங்கியது. 2017 இல் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் வந்த நாடு இது. அந்த வருடம் நாங்கள் ஊர் ஊராகக் கொடுத்த துண்டுப்பிரசுரங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் பயிற்சிக்கு ஒரே ஒரு சட்டம். ‘தெரியுமா?’ என்று யாரையும் கேட்பதில்லை. ‘காட்டுங்க’ என்று கேட்பது.

‘தெரியுமா’ என்றால் எல்லோரும் ஓம் என்பார்கள். மிஸ்ஸி கேட்கிறா, இல்லையென்று சொன்னால் மரியாதை இல்லை. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச்சீனிப் பொடியான ஜீவனிப் பக்கற்றை எப்படிக் கலப்பது என்று கேட்டால் “ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில” என்று பாட்டு மாதிரி வரும். ஒரு தொண்டர்ப் பிள்ளை, இருபத்திரண்டு வயது, மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்குப் போய் “அக்கா, எனக்கு ஒருக்காக் கலந்து காட்டுங்க, பார்ப்பம்” என்று கேட்டிருக்கிறாள். அந்தத் தாய் பக்கற்றின் மூலையைக் கொஞ்சம் வெட்டி, தேநீர்க் கோப்பையில் ஒரு கரண்டி போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டு, மிச்சப் பக்கற்றை மடித்து இறப்பர் வளையம் போட்டு சாமித் தட்டில் வைத்தாராம். நாளைக்கும் வேணுமே என்று சிக்கனம். அவரில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அப்படிக் கலந்தால் ஒரு கோப்பை உப்புக் கரிக்கும், இன்னொன்று பச்சைத் தண்ணீர். உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு இன்னும் கேடு. முழுப் பக்கற்றும் ஒரு லீற்றருக்குத்தான், கலந்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னாள். “மிஸ்ஸி, அந்த வீட்ட ஒரு லீற்றர் அளக்க ஒண்ணுமில்ல. போத்தல் ஒண்ணு இரிக்கி, ஆனா அது ஒண்டரை லீற்றர் போத்தல்.” அரை லீற்றர் தண்ணீர் கூடினால் ஜீவனி நீர்த்துப் போகும். அன்றிலிருந்து என் பையில் ஆணியால் கோடு கீறிய போத்தல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தொண்டரும் தன் ஒழுங்கையில் உள்ள வீடுகளின் போத்தலில், செம்பில், எதில் வேண்டுமானாலும் ஒரு லீற்றர் மட்டத்தைக் கீறிக்கொடுக்கிறார்கள். பக்கற் இல்லாத இடத்தில் ஒரு லீற்றருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. குவியலாக இல்லை, கத்தியால் மட்டம் தட்டிய கரண்டி. இதையும் செய்து காட்டித்தான் பழக்குகிறோம். ஏனென்றால் எங்கள் வீடுகளில் ‘ஒரு கரண்டி’ என்றால் குவித்த கரண்டிதான்.

ஜீவனி வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. 1971 இல் வங்காளதேசப் போரில் தப்பி வந்த லட்சக்கணக்கானோர் இந்திய எல்லையில் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். கொலரா பரவியது. நரம்பில் ஏற்றச் சேலைன் போதவில்லை. பொங்கான் என்ற இடத்தில் இருந்த திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர், குளுக்கோசையும் உப்பையும் சோடா மாவையும் அளந்து பொதி செய்து, தண்ணீரில் கரைத்து, நோயாளரின் சொந்தக்காரர் கையில் கொடுத்தார். தாதிமார் இல்லை, தாயும் தமக்கையும் பக்கத்தில் இருந்து கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கொடுத்தார்கள். 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே வந்தது. இந்தக் கதையை நான் சொல்லும்போது எங்கள் பெண்கள் அசையாமல் இருந்து கேட்பார்கள். அகதி முகாம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கிணற்றுக்குக் குளோரின் போடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 தை வெள்ளத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே தண்ணீரின் கீழ் கிடந்ததைக் கண்ட ஊர் எங்களுடையது, அதனால் அதன் அவசியத்தை ஒருவருக்கும் வற்புறுத்த வேண்டி வரவில்லை. பவுடரை வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிய விட்டுத் தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் செய்து காட்ட வேண்டியிருந்தது. ஆழம் அளக்க முடிச்சுப் போட்ட கயிறு அவர்களே செய்தார்கள்.

எனக்குக் கடினமாக இருந்தது ஆண்கள். எலிக்காய்ச்சல் வட்டையில், அதாவது வயல்வெளியில்தான் பிடிக்கிறது, வட்டையில் நிற்பது ஆண்கள், கூட்டத்துக்கு வருவது பெண்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள வெடிப்பாலும் கீறலாலும் உடம்புக்குள் போகிறது. உழவுக்கு முதல் பி.எச்.ஐ. பணிமனையால் டொக்சிசைக்கிளின் தருவார்கள். கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது கூடாது, ஆகவே கண்டபடி வீட்டில் வைத்துப் பங்கு போடவும் கூடாது. ஒவ்வொரு மாரிக்கும் கொடுக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம். பிறகு வீட்டுத் தரிசிப்புக்குப் போனால் அந்தக் குளிசை சேட்டுப் பையில் கிடந்து, சேட்டோடு தோய்க்கப்பட்டு, மஞ்சள் கறையாகக் கொடியில் தொங்கும்.

இதைத் தீர்த்தது எங்கள் பதினான்காவது ஆள், அந்த வயற்காரர். அவர் வகுப்பில் வாயே திறக்கமாட்டார். எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. ஒரு நாள் கேட்டார், “மிஸ்ஸி, இந்தக் குளிசையள என்னட்டத் தாறீங்களா? ஞாயித்துக்கிழமை விடியக் கடையில எல்லாரும் தேத்தண்ணிக்கு வருவானுகள்.” பி.எச்.ஐ. தம்பி பட்டியலைச் சரிபார்த்து அனுமதி கொடுத்தார். ஞாயிறு காலை சந்திக் கடையில், ரொட்டி சாப்பிட்டு முடிந்ததும், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, முழுங்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, கொப்பியில் சரி போட்டார். ஒன்பது ஞாயிறு அப்படிச் செய்தார். முழுங்கிய பிறகு “காலைக் காட்டு மச்சான்” என்பார். வெடிப்போ புண்ணோ இருந்தால் வட்டைக்கு இறங்க முதல் மூடிக் கட்டச் சொல்லுவார். சொன்னதோடு நில்லாமல் கடைப் பெஞ்சில் வைத்து அவரே கட்டியும் விடுவார்.

அவரிடமிருந்து நான் படித்தது இன்னொன்று. எலிக்காய்ச்சலுக்குக் கெண்டைக்கால் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் சொன்னார்: “வட்டையில நிக்கிறவனுக்குக் கால் நோகிறது புதினமா மிஸ்ஸி? ராவெல்லாம் யானைக் காவல். கண் செவக்காமக் கிடக்குமா?” எங்கள் அறிகுறிப் பட்டியல் முழுக்க அவர்களுக்கு வேலை அலுப்பின் பட்டியல். அதனால்தான் நாலாம் நாள், ஐந்தாம் நாள், சிறுநீரகம் பாதித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இருவரும் இருந்து யோசித்துச் சொல்லும் முறையை மாற்றினோம். ‘காய்ச்சலோட கால் நோவா? அப்ப அது அலுப்பில்ல. அலுப்புக்குக் காய்ச்சல் வராது.’ இந்த மூன்று வசனம் கடையில் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது.

தொழுநோயைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வர நாளாயிற்று. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்திருந்த வைத்தியசாலை அங்கே இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொறிந்துகொண்டு நின்றால் பெத்தா, எங்கள் பாட்டி, “மாந்தீவுக்குக் கொண்டு போயிருவானுகள்” என்று வெருட்டுவா. அந்தப் பயம் எங்கள் இரத்தத்தில் ஊறியது. இன்றைக்கு அந்த நோய்க்கு ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குளிசை போட்டால் முழுச் சுகம், மருந்து இலவசம், மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றாது, வீட்டைவிட்டு யாரையும் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் தழும்பு நோகாது, சொறியாது. ஒரு வெளிறிய இடம், தேமல் மாதிரி. நோகாத ஒன்றுக்கு யார் கிளினிக்குக்கு வருவார்? ஆகவே வீட்டுக்குப் போகிற கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொண்டருக்கு நாங்கள் பழக்குவது இவ்வளவுதான்: கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு, எந்த இடத்தில் தொட்டேன் என்று விரலால் காட்டச் சொல்வது. தழும்பில் தொட்டது தெரியவில்லை என்றால் கிளினிக்குக்குக் கூட்டி வருவது. நோய் என்னவென்று தீர்மானிப்பது தோல் வைத்தியரின் வேலை.

சில வருடங்களுக்கு முன் நான் பழக்கிய ஒரு தொண்டர், கெட்டிக்காரி, தன் ஒழுங்கையில் கலியாணம் பேசி முடித்திருந்த ஒரு பிள்ளையின் முழங்கையில் அப்படி ஒரு தழும்பைக் கண்டாள். சரியாகப் பார்த்தாள், சரியாகச் சொன்னாள். அன்று பின்னேரம் கிணற்றடியில் தன் தமக்கையிடமும் சொன்னாள். ஒரு கிழமையில் கலியாணம் நின்றது. அந்தக் குடும்பம் கிளினிக்குக்கு வரவில்லை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேடிப் பிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் பிள்ளையின் சின்ன விரல் மடியத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு மாத மருந்தையும் ஒரு நாள் தவறாமல் போட்டு முடித்தாள். நோய் போனது. விரல் நிமிரவில்லை.

ஊரில் எல்லோரும் அந்தத் தொண்டரை ஏசினார்கள். அவளைப் பழக்கியது நான். ‘கண்டதை எங்கே சொல்லக் கூடாது’ என்று என் பாடக்குறிப்பில் ஒரு வரிகூட இருக்கவில்லை. அது அவளுடைய பிழை இல்லை, என்னுடையது. அவளிடமும் அந்தப் பிள்ளையிடமும் நான் போய் அப்படியே சொன்னேன்.

இப்போது முதல் நாள் முதல் வேலை அதுதான். ஒருத்தி தொண்டராக இருக்க, மற்றவள் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்து “என்னகா புள்ள, அந்த வீட்ட அடிக்கடி போற, அவங்களுக்கு என்ன வருத்தம்?” என்று விடாமல் துளைக்க வேண்டும். “ஒண்ணுமில்ல” என்று சொன்னால் சந்தேகம் கூடும். “சொல்ல ஒண்ணா” என்றால் இன்னும் மோசம். பல தரம் செய்து பார்த்து அவர்களே கண்டுபிடித்த பதில்: “நான் எல்லா வீட்டுக்கும்தான் போறன். நாளைக்கு உங்கட வீட்டுக்கு வாறன் அக்கா.” அந்தப் பதில் பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காக, ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஒழுங்கை முழுவதற்கும் போவது என்று முடிவெடுத்தோம். நடை கூடத்தான். ஒரு வீடும் தனித்துத் தெரிவதில்லை.

மனவருத்தத்தையும் எழுதத்தான் வேண்டும். மார்கழியில் எங்கள் தொண்டர் ஒருவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து ஒரு தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் அந்தத் துண்டைப் பிறகு பார்த்தேன். ‘காய்ச்சல் நாலாம் நாள். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்று தரம் சத்தி. வயிற்று நோ. கை கால் குளிர். விடிய ஆறு மணிக்குப் பிறகு சலம் போகவில்லை.’ ஒரு வைத்தியர் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அதை அந்தப் பெண் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மேசையில் இருந்தவர் துண்டை வாசிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, “தொண்டரெல்லாம் இப்ப டொக்டராகிட்டாங்களோ” என்று கேட்டாராம். காய்ச்சல் இல்லைதானே என்று வரிசையில் இருத்திவிட்டார்கள். தாய் தொண்டருக்குப் போன் அடித்து, தொண்டர் எனக்கு அடித்து, நான் எனக்குத் தெரிந்த வைத்தியருக்கு அடித்து, அதன் பிறகு உள்ளே எடுத்தார்கள். பிள்ளை சுகமாக வீடு வந்தது. தொண்டர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் துண்டு எழுதவில்லை. “நான் எழுதிப் பிள்ளைக்குத்தான் சுணங்கிச்சு மிஸ்ஸி” என்றார்.

ஒரு தொண்டரைப் பழக்க எனக்கு ஆறு பின்னேரம் போதும். அவரை உடைக்க ஒரு வசனம் போதுமாக இருக்கிறது. துண்டு கொண்டு வருகிறவரிடம் அதை வாங்கி வாசியுங்கள், பின்பக்கத்தில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற என் சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பதினான்கில் இப்போது ஒன்பது பேர். இரண்டு பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்கு. இருவர் நுண்கடன் நெருக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறார்கள், பின்னேரத்தில் அவர்களுக்கு நேரமில்லை. முதல் இரண்டு வகுப்புக்குச் செவ்வாய் இரண்டு மணிக்கு வரச் சொன்னேன், பாதிப் பேர் வரவில்லை. ஆர்வமில்லை என்று மனதுக்குள் ஏசினேன். பிறகுதான் தெரிந்தது, செவ்வாய் இரண்டு மணி லோன்காரர் வருகிற நேரம். நேரத்தை மூன்றரைக்கு மாற்றினேன். எல்லோரும் வந்தார்கள். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஓட்டோக் காசு, மழைக்கு ஒரு றெயின்கோட், ஒரு ரோர்ச், போனுக்கு ஒரு ரீலோட். இவ்வளவையாவது ஒழுங்காகக் கொடுக்க ஒரு வழி வேண்டும். சமுர்த்திச் சங்கத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடமாட்டேன்.

துண்டு எழுதுவதை விட்டிருந்த அந்தத் தொண்டர் போன கிழமை திரும்ப ஒன்று எழுதினார். இந்த முறை அதை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருந்த இளம் வைத்தியர் வாசித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டு, பின்பக்கத்தில் ‘நன்றி. சரியான நேரத்தில் அனுப்பியிருக்கிறீர்கள்’ என்று எழுதித் தந்தார். அந்தத் துண்டு இப்போது அவர் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வாற செவ்வாய் மூன்றரைக்குப் பக்கத்து ஊரில் அடுத்த குழுவுக்குத் தொடங்குகிறோம். கோடு கீறிய போத்தல் இருபது வேண்டும், இதுவரை பதினொன்றுதான் சேர்ந்திருக்கிறது. தயிர்ச்சட்டி மாமி தானும் வருகிறாராம். நேற்றுப் போனில் சொன்னார், அந்த ஊரில் மழை பெய்து ஆறு நாளாம், போத்தலையும் சாரித் துண்டையும் எடுத்து வைத்துவிட்டாராம்.